தடுப்பூசி போடப் போன இடத்தில் புத்தகம் எதற்கு?

கேள்வி: ஜூன் 2

"என் மகளுக்கு ஆறு மாதம் முடிந்துவிட்டது. தடுப்பூசிக்கு எடுத்துக்கொண்டு போனோம். ஊசி போடுவதற்கு முன் குழந்தை மருத்துவர் ஒரு தடித்த அட்டைப் புத்தகத்தை அவள் முன் நீட்டினார். அவள் வாங்கி நேராக வாயில் வைத்துக் கடித்தாள். மருத்துவர் அதைப் பார்த்து ஏதோ குறித்துக்கொண்டார். கிளம்பும்போது அந்தப் புத்தகத்தோடு நூலக உறுப்பினர் படிவம் ஒன்றையும் கொடுத்தார்கள். பல்லே முளைக்காத குழந்தைக்குப் புத்தகம் எதற்கு? எழுத்து சொல்லிக்கொடுப்பது பள்ளியின் வேலை, புத்தகம் கொடுப்பது நூலகத்தின் வேலை. மருத்துவர் எடையையும் காய்ச்சலையும் பார்த்தால் போதாதா? எனக்கு இது வெறும் விளம்பரமாகத்தான் படுகிறது."

ஜூன் 2, இரவு

கடித்தது நல்லது. மருத்துவர் குறித்துக்கொண்டதில் பாதி அதுவாகத்தான் இருக்கும்.

ஆறு மாதக் குழந்தை புதிய பொருளைக் கண்டால் உற்றுப் பார்க்க வேண்டும், கை நீட்ட வேண்டும், பிடிக்க வேண்டும், வாய்க்குக் கொண்டுபோக வேண்டும். ஒவ்வொன்றையும் தனியாகச் சோதித்துக்கொண்டிருக்க மருத்துவருக்கு நேரம் ஏது? ஒரு புத்தகத்தை நீட்டினால் எல்லாம் சில நொடிகளில் தெரிந்துவிடும். ஒரு வயதை ஒட்டி அதே குழந்தை விரலால் படத்தைச் சுட்டும். ஒன்றரை வயதில் அட்டைப் பக்கங்களைத் தானே புரட்டும், தலைகீழாகக் கொடுத்தால் திருப்பிப் பிடிக்கப் பார்க்கும். இரண்டு வயதில் பழகிய படத்தின் பெயரைச் சொல்லும். சுட்ட வேண்டிய வயதில் சுட்டவில்லை என்றால் மருத்துவர் இன்னும் கூர்ந்து பார்ப்பார். காது சரியாகக் கேட்கிறதா என்பதில் தொடங்கி.

இன்னொன்று. அவர் குழந்தையை மட்டும் பார்த்திருக்க மாட்டார். புத்தகம் வாய்க்குப் போனதும் நீங்கள் வெடுக்கென்று பிடுங்கினீர்களா, சிரித்தீர்களா, படத்தைக் காட்டி ஏதாவது சொன்னீர்களா என்பதையும் கவனித்திருப்பார்.

ஜூன் 3

"புத்தகம் நூலகத்தின் வேலை" என்ற வரி நேற்றிலிருந்து உறுத்திக்கொண்டே இருக்கிறது. நான் நூலகத்தில் குழந்தைகள் பிரிவில் வேலை செய்பவள். ஆகவே உரிமையோடு பேசுகிறேன்.

எங்கள் கதை நேரத்துக்கு யார் வருகிறார்கள்? வீட்டில் ஏற்கெனவே புத்தகம் இருப்பவர்கள். பகலில் ஓய்வு இருப்பவர்கள். நூலகம் என்றால் தங்களுக்கான இடம் என்று சிறு வயதிலேயே நம்பத் தொடங்கியவர்கள். நாங்கள் எவ்வளவு அழகாகச் சுவரொட்டி ஒட்டினாலும் அதைப் படிப்பவர்கள் உள்ளே வந்தவர்கள்தான். வராதவர்களுக்கு அது எப்படித் தெரியும்?

தடுப்பூசிக்கு யார் வருகிறார்கள்? ஏறத்தாழ எல்லோரும். படித்தவர், படிக்காதவர், இரவு வேலை பார்ப்பவர், அந்த ஊருக்கு நேற்றுக் குடிவந்தவர் எல்லோரும் வருகிறார்கள். அதுவும் முதல் இரண்டு ஆண்டுகளில் திரும்பத் திரும்ப. பள்ளிக்கூடம் குழந்தையைப் பார்ப்பதற்குப் பல ஆண்டுகள் முன்பே அதைப் பார்க்கும் பொது நிறுவனம் மருத்துவமனை. எங்களால் போக முடியாத வீடுகளுக்கு அவர்களால் போக முடிகிறது. கூட்டு வேலைக்கு வேறு காரணம் தேவையில்லை.

ஜூன் 3, மாலை

1989இல் பாஸ்டன் நகர மருத்துவமனையில் தொடங்கிய 'ரீச் அவுட் அண்ட் ரீட்' திட்டம்தான் இந்த வகையில் அதிகம் பேசப்படுவது. பாரி சக்கர்மன், ராபர்ட் நீட்ல்மன் என்ற இரண்டு குழந்தை மருத்துவர்கள் சிறுவயதுக் கல்வியாளர்கள் சிலரோடு சேர்ந்து தொடங்கினார்கள். காத்திருப்பு அறையில் போட்டு வைத்த புத்தகங்கள் காணாமல் போய்க்கொண்டே இருந்ததாகச் சொல்வார்கள். வேறொருவராக இருந்தால் புத்தகத்தைச் சங்கிலியால் கட்டியிருப்பார். வீட்டில் புத்தகம் இல்லாததால்தான் எடுத்துப் போகிறார்கள் என்று இவர்களுக்குத் தோன்றியிருக்கிறது. கையிலேயே கொடுத்துவிடலாம் என்று முடிவு செய்தார்கள்.

அங்கே மூன்று விஷயங்கள் சேர்ந்து நடந்தன. காத்திருக்கும் இடத்தில் ஒருவர் குழந்தைகளுக்கு உரக்க வாசித்துக் காட்டுவார். மருத்துவர் பரிசோதனையின்போதே வாசிப்பைப் பற்றிப் பெற்றோரிடம் ஓரிரு வார்த்தை பேசுவார். வயதுக்கும் மொழிக்கும் ஏற்ற புத்தகம் ஒன்று வீட்டுக்குப் போகும். கேள்வி கேட்டவர் பார்த்தது மூன்றாவதை மட்டும். நடுவில் இருக்கும் ஓரிரு வார்த்தைதான் உயிர் என்பது என் எண்ணம். அதை உங்களிடம் பேசவே இல்லை என்றால் உங்கள் எரிச்சலில் நியாயம் இருக்கிறது.

ஜூன் 4

"இதெல்லாம் வசதியானவர்கள் பொழுதுபோக்கு" என்று ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். தலைகீழ். பாஸ்டனில் அந்த மருத்துவமனைக்கு வந்தவர்கள் பெரும்பாலும் ஏழைக் குடும்பங்கள். வசதியானவர்களுக்குத் திட்டமே தேவைப்படவில்லையே, அலமாரி நிறைய வைத்திருக்கிறார்கள்.

ஜூன் 5

நேற்று எழுதியது அமெரிக்காவோடு நின்றுவிட்டது. மருத்துவமும் நூலகமும் உண்மையில் கைகோத்த கதைகளை வேறு இடங்களில்தான் தேட வேண்டும்.

இங்கிலாந்தில் 1992இல் பர்மிங்ஹாமில் 'புக்ஸ்டார்ட்' தொடங்கியது. குழந்தைகள் புத்தக ஆலோசகர் வெண்டி கூலிங் முன்னின்றார். புத்தக அறக்கட்டளை, நகர நூலகச் சேவை, சுகாதாரத் துறை, பல்கலைக்கழகம் ஆகியவை சேர்ந்து செய்தன. முதலில் 300 குடும்பங்கள். ஏழு முதல் ஒன்பது மாதத்துக்குள் நடக்கும் உடல்நலப் பரிசோதனையில் பை ஒன்று கொடுத்தார்கள். உள்ளே புத்தகமும் நூலகத்துக்கான அழைப்பும். அந்தக் குழந்தைகளில் சிலரைப் பள்ளி சேரும் வயதில் சோதித்தபோது மற்றவர்களைவிட முன்னால் இருந்தார்கள். சோதித்தவர்கள் எண்ணிக்கை சிறியது; அதை வைத்துக்கொண்டு கொடி பிடிக்க மாட்டேன். ஆனால் திட்டம் நாடு முழுவதும் பரவியது, 2001இல் ஜப்பானுக்கும் போனது.

இத்தாலியில் 1999இல் 'நாத்தி பெர் லெஜெரே'. குழந்தை மருத்துவர்கள் சங்கமும் நூலகர்கள் சங்கமும் தொடக்கத்திலிருந்தே சம பங்காளிகள். எனக்கு மிகவும் பிடித்த அமைப்பு இது. மற்ற பல இடங்களில் நூலகம் பின்னால் ஓடி வந்து ஒட்டிக்கொள்ளும். இங்கே ஒரே மேசையில் உட்கார்ந்து திட்டம் போட்டார்கள்.

ஜெர்மனியில் 2011இல் நாடு தழுவித் தொடங்கிய 'லேஸெஷ்டார்ட்' இன்னும் தந்திரமானது. ஒரு வயதுப் பரிசோதனையில் முதல் பையை மருத்துவர் கொடுத்தார். மூன்று வயதுக்கான பை நூலகத்தில் இருந்தது, அதை வாங்க நூலகப் படி ஏறியே ஆக வேண்டியிருந்தது. பரிசைப் பிரித்து வெவ்வேறு கட்டடங்களில் வைத்ததுதான் அதன் சூட்சுமம்.

ஜூன் 6

யாரோ மூன்று கோடிச் சொற்களை இழுத்து வந்திருக்கிறார்கள். ஏழை வீட்டுக் குழந்தை நான்கு வயதுக்குள் வசதியான வீட்டுக் குழந்தையைவிட மூன்று கோடிச் சொற்கள் குறைவாகக் கேட்கிறது என்ற அந்தக் கணக்கு. எல்லாக் கூட்டத்திலும் இதை ஒரு பட விளக்கத்தில் போட்டுக் காட்டுவார்கள்.

அது ஹார்ட், ரிஸ்லி என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் இருவரும் 1995இல் வெளியிட்ட நூலிலிருந்து வந்தது. பார்த்தது 42 குடும்பங்கள். அதிலிருந்து பெருக்கி வந்த தொகைதான் மூன்று கோடி. 2018இல் ஸ்பெரி குழுவினர் வேறு குடும்பங்களை ஆராய்ந்தபோது அந்த இடைவெளி அப்படியே கிடைக்கவில்லை. குழந்தையைச் சுற்றி இருக்கும் மற்றவர்கள் பேசுவதையும் சேர்த்துக்கொண்டால் படம் வெகுவாக மாறுகிறது என்றார்கள். அதே ஆண்டில் ராமியோ குழுவினரின் ஆய்வு வேறொன்றைச் சொன்னது: குழந்தை கேட்கும் சொற்களின் எண்ணிக்கையைவிட குழந்தையும் பெரியவரும் மாறி மாறிப் பேசிக்கொள்ளும் தடவைகள்தான் மூளையின் மொழிப் பகுதி வேலை செய்வதோடு அதிகம் பொருந்துகின்றன.

எண்ணிக்கையில் எனக்குள்ள வருத்தம் அறிவியலைப் பற்றியது மட்டும் அல்ல. "உங்கள் வீட்டில் சொல் குறைவு" என்று ஒரு தாயின் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு நூலகத்துக்கு வா என்று கூப்பிட்டால் அவர் ஏன் வருவார்? நானாக இருந்தால் போக மாட்டேன்.

ஜூன் 9

தனிமடலில் வந்த கேள்வி, பெயர் வேண்டாம் என்றார்: "எனக்கே வாசிக்க வராது. புத்தகத்தைக் கொடுத்தால் நான் என்ன செய்வது?"

இந்தக் கேள்வியைக் கேட்கத் துணிவு வேண்டும். பலர் கேட்காமல் புத்தகத்தைப் பையில் போட்டுக்கொண்டு போய்விடுகிறார்கள். எழுத்தே இல்லாத படப் புத்தகங்கள் இருக்கின்றன. நூலகத்தில் கூச்சப்படாமல் கேளுங்கள். எழுத்து இருந்தாலும் அதை வாசிக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. படத்தில் நாய் இருந்தால் நீங்கள் பார்த்த நாயைப் பற்றிச் சொல்லுங்கள். அது குரைத்தது, ஓடியது, மழையில் நனைந்தது. உங்களுக்கு எந்த மொழியில் சிரிப்பும் கோபமும் தானாக வருகிறதோ அந்த மொழியில் சொல்லுங்கள். வீட்டு மொழியை விட்டுவிட்டுப் பள்ளி மொழியில் தடுமாறிப் பேசச் சொல்லும் அறிவுரை இன்னும் சில இடங்களில் உலவுகிறது. அதைக் காதில் வாங்க வேண்டாம். கதை சொல்லும் முறை, காரணம் கேட்கும் பழக்கம், சொல்லுக்குள் ஒலிகளைப் பிரித்துக் கேட்கும் கூர்மை எல்லாம் ஒரு மொழியில் வந்துவிட்டால் அடுத்த மொழிக்குக் கை கொடுக்கும்.

அமெரிக்க நூலகர்கள் 2004இல் தொடங்கிய ஒரு பெற்றோர் திட்டம் 2011இல் திருத்தப்பட்டபோது ஐந்து வினைச்சொற்களாகச் சுருங்கியது: பேசு, பாடு, வாசி, எழுது, விளையாடு. ஐந்தில் மூன்றுக்கு எழுத்தறிவே வேண்டாம். தாலாட்டு பாடத் தெரிந்த பாட்டி இருந்தால் அந்த வீட்டில் பாதிப் பாடம் முடிந்துவிட்டது. பாட்டில் சொற்கள் இழுபட்டு அசை அசையாகப் பிரிகின்றன. பின்னாளில் எழுத்துக் கூட்டுவதற்கு அடிப்படை அந்தப் பிரிவுதான்.

ஜூன் 9, சற்று நேரம் கழித்து

"நூலகப் புத்தகத்தைக் குழந்தை தின்றுவிட்டால்?" எங்கள் பிரிவில் மூலை முழுதாக இருக்கும் அட்டைப் புத்தகத்தைக் கண்டால் எனக்குச் சந்தேகம்தான் வரும். யாரும் விரும்பாத புத்தகம் என்று பொருள்.

ஜூன் 14

இத்தனை நாள் புகழ் பாடியாயிற்று. கெட்டுப்போகும் விதத்தையும் சொல்கிறேன்.

நான் அறிந்த ஒரு மருத்துவ நிலையத்தில் நாங்கள் கொடுத்த புத்தகங்களை அழுக்காகிவிடும் என்று அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார்கள். சாவி யாரிடம் என்று யாருக்கும் தெரியாது. இன்னொரு இடத்தில் புத்தகம் ஒழுங்காகக் கைமாறியது, ஆனால் செவிலியர் அதை மாத்திரைச் சீட்டோடு சேர்த்துப் பையில் திணித்துக் கொடுத்தார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வாசலில் வரிசை நீள்கிறது, எடை போட வேண்டும், ஊசி போட வேண்டும், பதிவேட்டில் எழுத வேண்டும். அந்த அவசரத்தில் "இதையும் செய்யுங்கள்" என்று நாங்கள் ஒரு பெட்டியைக் கொண்டுபோய் வைத்தால் அது இன்னொரு சுமைதான். "பரிசோதனைக்கே பயன்படும் கருவி" என்று யாராவது உட்கார்ந்து காட்டினால் மட்டுமே பெட்டி திறக்கும். ஒரு செவிலியர் அதைக் கண்டுகொண்ட நாளை நான் பார்த்திருக்கிறேன். அழுதுகொண்டிருந்த குழந்தை புத்தகத்தைக் கண்டு வாயை மூடியது, அவர் நிம்மதியாக எடை போட்டார். அதன் பிறகு புத்தகம் தீர்ந்துபோனால் எங்களுக்குத் தொலைபேசியில் அழைப்பவர் அவர்தான். ஆராய்ச்சி முடிவு எதுவும் அவரை அசைக்கவில்லை.

நூலகத்தின் பக்கம் கெடுவது இன்னும் சத்தமில்லாமல் நடக்கும். மருத்துவர் சொன்னாரே என்று ஒருவர் கைக்குழந்தையோடு வருகிறார். உறுப்பினராக முகவரிச் சான்று கேட்கிறோம். வாடகை வீடு, சான்று இல்லை. குழந்தை அழுகிறது, வாசிப்புக் கூடத்திலிருந்து ஒருவர் திரும்பிப் பார்க்கிறார். போதும், அவர் இனி வர மாட்டார். கதை நேரம் காலை பதினொரு மணிக்கு என்றால் வேலைக்குப் போகும் பெற்றோருக்கு அது இல்லாததற்குச் சமம்.

தாமதக் கட்டணம் வேறு. 2019இல் அமெரிக்க நூலகச் சங்கம் அபராதத்தைச் சமூக ஏற்றத்தாழ்வின் ஒரு வடிவம் என்று தீர்மானமே போட்டது. அதே ஆண்டு சிகாகோ பொது நூலகம் தாமதக் கட்டணத்தை முழுவதும் நீக்கியது. திரும்பி வந்த புத்தகங்கள் கூடின. பணம் கட்ட வேண்டுமே என்று பயந்து ஒளிந்தவர்கள் வந்தார்கள். குழந்தைகளுக்கான உறுப்பினர் அட்டைக்காவது அபராதம் வேண்டாம் என்று எங்கள் கூட்டங்களில் நான் பேசாத நாள் இல்லை.

ஜூன் 15

நேற்றைய குறிப்பைப் படித்த ஒருவர், "அப்படியானால் இலவசமாகக் கொடுத்துவிடலாமே, இரவல் எதற்கு?" என்கிறார். இரண்டும் வேண்டும். சொந்தப் புத்தகம் படுக்கையில் கிடக்கும், கிழியும், ஒரே கதையை ஒரே மாலையில் பலமுறை கேட்டுக் குழந்தை உங்களைச் சித்திரவதை செய்யும். அந்தத் திரும்பச் சொல்வதில்தான் சொல் மனத்தில் படிகிறது. ஆனால் பரிசாக வரும் புத்தகங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. மூன்று வயதுக் குழந்தைக்கு டைனோசர் பைத்தியம் பிடித்துவிட்டால் எந்தப் பரிசுத் திட்டமும் ஈடு கொடுக்க முடியாது. அங்கே நூலகம் வேண்டும்.

ஜூன் 15, இரவு

ஒரு எச்சரிக்கை. கூட்டு வேலை என்றதும் மருத்துவமனை தன் குடும்பங்களின் பெயர்ப் பட்டியலை நூலகத்துக்கு அனுப்பும் என்று சிலர் கற்பனை செய்கிறார்கள். கூடாது. குழந்தையின் மருத்துவக் குறிப்பு எங்களுக்கு வேண்டாம், வீட்டில் எந்தப் புத்தகம் வாசிக்கிறார்கள் என்பது அவர்களுக்கு வேண்டாம். கையில் ஒரு நூலக அழைப்பு அட்டை, விருப்பமிருந்தால் குடும்பமே அதை எங்களிடம் கொண்டுவரும். அவ்வளவுதான்.

ஜூன் 20

கேள்வி கேட்டவர் திரும்பி வந்திருக்கிறார். கோபம் கொஞ்சம் தணிந்திருக்கிறது, புகார் மாறியிருக்கிறது: "வாசிக்க உட்கார்ந்தால் ஒரு பக்கம்கூட முடிவதில்லை. பக்கத்தைக் கையால் அடிக்கிறாள், மடியிலிருந்து நழுவுகிறாள்."

நழுவட்டும். இந்த வயதில் ஒரு புத்தகத்தை முடிப்பது என்று ஒன்று இல்லை. ஒரு நிமிடம் மடியில் இருந்தால் ஒரு நிமிட வாசிப்பு. அவள் பார்க்கும் படத்தைப் பற்றிப் பேசுங்கள், நீங்கள் பார்க்க விரும்பும் படத்தைப் பற்றி அல்ல. அவள் 'ஆ' என்றால் நீங்களும் 'ஆ, பூனை' என்று சொல்லிவிட்டுக் காத்திருங்கள். காத்திருப்பதுதான் கஷ்டம், பெரியவர்கள் நமக்கு மௌனம் தாங்காது.

இரண்டு வயதை நெருங்கும்போது வேறு வழி வரும். 1988இல் வைட்ஹர்ஸ்ட் குழுவினர் சோதித்த உரையாடல் வாசிப்பு அது. பெற்றோர் கேள்வி கேட்பார், குழந்தை கதை சொல்லும். "இது என்ன?" என்று தொடங்கி "ஏன் அழுகிறது?" என்று போகும். குழந்தை "நாய்" என்றால் "ஆமாம், பெரிய கறுப்பு நாய்" என்று சற்று நீட்டிக் கொடுப்பீர்கள். ஒரே மாதப் பழக்கத்தில் குழந்தைகளின் பேச்சில் தெளிவான வேறுபாடு தெரிந்தது. இதற்குச் சிறப்புப் புத்தகம் எதுவும் வேண்டாம்.

வினாடி வினாவாக மட்டும் ஆக்கிவிடாதீர்கள். என் மகன் ஒருமுறை புத்தகத்தை மூடி என் கையில் கொடுத்துவிட்டு "நீயே சொல்" என்று போய்விட்டான். கேள்வி அளவு மீறிவிட்டது என்பதை அதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்ல முடியாது.

ஜூன் 27

இதுவரை மருத்துவமனை நூலகத்துக்கு ஆள் அனுப்புவதைப் பற்றியே பேசினேன். எதிர்த்திசையிலும் நடக்க வேண்டும்.

கதை நேரத்தில் வாரந்தோறும் ஒரே குழந்தைகளைப் பார்க்கிறோம். பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்பாத குழந்தை கண்ணில் படும். படத்தை மூக்கோடு ஒட்டி வைத்துப் பார்க்கும் குழந்தை கண்ணில் படும். அப்போது நூலகர் நோயின் பெயர் சொல்லக் கூடாது. அது எங்கள் வேலையும் அல்ல, எங்களுக்குத் தெரியவும் தெரியாது. "அடுத்த பரிசோதனையில் காதையும் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்களேன்" என்று மெதுவாகச் சொல்லலாம். எந்த நிலையத்தில் எந்த நாளில் யாரைப் பார்க்க வேண்டும் என்று தெரிந்திருந்தால் அந்தச் சொல்லுக்கு எடை கூடும். அதற்கும்தான் கூட்டு.

காது விஷயத்தில் காலம் முக்கியம். பிறந்து ஒரு மாதத்துக்குள் சோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதி செய்தல், ஆறு மாதத்துக்குள் உதவி தொடங்குதல் என்பது பரவலாக ஏற்கப்பட்ட வரிசை. பிறந்தபோது சரியாக இருந்து பின்னால் குறைவதும் உண்டு. நடுக்காதில் நீர் கோத்துக்கொண்டால் தற்காலிகமாகக் கேட்கும் திறன் மந்தமாகும். அந்தக் குழந்தையைப் பிடிவாதக்காரன் என்று திட்டிக்கொண்டிருப்போம்.

ஜூலை 4

திரையைப் பற்றிக் கேட்காமல் இருப்பார்களா? கேட்டுவிட்டார்கள். "கைபேசியில் கதை ஓடவிட்டால் போதாதா?"

உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது: இரண்டு வயதுக்குள் திரை வேண்டாம், இரண்டு முதல் நான்கு வயது வரை ஒரு நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், குறைவு நல்லது. உட்கார்ந்திருக்கும் நேரத்தில் பெரியவர் ஒருவர் வாசிப்பதும் கதை சொல்வதும் நல்லது என்றும் அதே ஆவணத்தில் இருக்கிறது. பாருங்கள், அது சுகாதார நிறுவனம். கல்வித் துறை அல்ல. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கமும் 2014இல் வாசிப்பை ஊக்குவிப்பது மருத்துவரின் வேலையில் ஒரு பகுதி என்று எழுதி வைத்தது, 2024இல் மீண்டும் வலியுறுத்தியது.

தொலைவில் இருக்கும் தாத்தா காணொளியில் கதை சொன்னால் அது வேறு கணக்கு. அவர் பதில் பேசுகிறார்.

ஜூலை 12

கேள்வி கேட்டவர் அடுத்த பரிசோதனைக்கு என்ன கேட்க வேண்டும் என்று விசாரித்திருக்கிறார். மூன்று மட்டும். காது சோதனை எப்போது நடந்தது, முடிவு எங்கே பதிவாகியிருக்கிறது? இந்த வயதில் புத்தகத்தை வைத்து எப்படி விளையாடுவது என்று ஒரு நிமிடம் செய்து காட்ட முடியுமா? நூலகத்தில் யாரைப் போய்ப் பார்ப்பது, பெயர் என்ன? மூன்றாவதற்கு அவர்களிடம் பதில் இல்லை என்றால், நீங்களே நூலகத்தில் கேட்டு அந்தப் பெயரை ஒரு சீட்டில் எழுதி மருத்துவ நிலையத்தில் கொடுத்துவிடுங்கள். அடுத்து வருபவருக்கு உதவும்.

அந்தச் சீட்டைக் கைகழுவும் இடத்துக்குப் பக்கத்தில் ஒட்டச் சொல்லுங்கள். அறிவிப்புப் பலகையை யாரும் பார்ப்பதில்லை.